யார் பெயரை எழுதுவது

ஸ்ரீ:

ஸ்ரீரங்கம்
3.2.2025

மதிப்பிற்குரிய திரு. பிலோமின்ராஜ் அவர்களுக்கு வரதராஜன் எழுதுவது.

நமஸ்காரம். நானும் என் மனைவி மரகதவல்லியும் நலம். தாங்களும் தங்கள் துணைவியார் சகாயம்மாள் அவர்களும் சௌக்கியம்தானே? இந்தத் தைப்பனி தங்கள் இருமலைக் கிளறிவிடாமல் இருக்க வேண்டும்.

ஸ்ரீரங்கத்திலிருந்து தென்னூருக்குக் கடிதமா என்று தாங்கள் சிரிக்கலாம். டவுன் பஸ்ஸில் ஏறினால் ஆற்றைத் தாண்டி வந்துவிடலாம். ஆனால் என் காது விஷயம் தங்களுக்குத் தெரியும். போனில் தாங்கள் சொல்வதில் பாதி எனக்கு விழாது. நான் சொல்வதோ தெருக்கோடி வரை விழும். தவிர, யோசித்துச் சொல்ல வேண்டியதை எழுதினால்தான் எனக்குச் சரியாக வருகிறது. புள்ளியியல் வாத்தியாராக இருந்த காலத்திலும் கரும்பலகையைப் பார்த்துத்தான் எனக்குப் பேச்சு வரும்.

பொங்கலுக்கு வந்திருந்தபோது என் மகன் அச்யுத் என்னிடம் கேட்டதையே தங்கள் மகள் ஜெஸ்லின் தங்களிடமும் கேட்டிருக்கிறாள் என்று அறிந்தேன். ஓசூரில் அவர்களோடு வேலைபார்த்த ஒரு கணவனும் மனைவியும் நெடுஞ்சாலை விபத்தில் காரோடு போய்விட்டார்கள். அவர்களுக்கு ஒரு பையனாம். அன்றிலிருந்து ஜெஸ்லினுக்குச் சரியான தூக்கமில்லை. தானும் அச்யுத்தும் ஆயுள் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்கிறாள். கம்பெனியில் கொடுப்பதே போதும், வீண் செலவு என்கிறான் இவன். கடைசியில், "ரெண்டு அப்பாவும் கலந்து பேசி ஒரு முடிவு சொல்லுங்கோ, நாங்க கட்டுப்படறோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

நாம் இருவரும் கலந்து முடிவு சொன்ன அனுபவம் நமக்குக் கிடையாது. ஆறு வருஷத்துக்கு முன் அவர்களுடைய பதிவுத் திருமணத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட ஒரே பேனாவை மாற்றிக்கொண்டோம். அதற்குப் பிறகு நாம் சந்திப்பதெல்லாம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில்தான், விடுமுறையில் பேத்தி கோதாவைக் கைமாற்றிக்கொள்ளும் நேரத்தில். ஆகவே தங்கள் அபிப்பிராயத்தை முதலில் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அடியேன் வரதராஜன்


சேசு மரி சூசை

தென்னூர்
8.2.2025

அன்புள்ள சம்பந்திக்கு,

ஸ்தோத்திரம். இங்கே எல்லாரும் சுகம். இருமல் மட்டும் எங்களைவிடச் சுகமாக இருக்கிறது. உங்கள் வீட்டம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

தபால்காரர் உங்கள் கவரைக் கொடுத்தபோது சகாயம் பயந்தே போனாள். "ஸ்ரீரங்கத்துலேர்ந்து லெட்டரா? யாருக்கு என்னங்க ஆச்சு?" என்றாள். ஒன்றும் ஆகவில்லை, ஆனால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார் என்றேன். "அதுக்குப் போன் பண்ணலாமே" என்றாள். உங்கள் காதைப் பற்றிச் சொன்னேன். "பாவம்" என்றாள். ஆறு வருஷத்தில் உங்கள் வீட்டைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பீடு விஷயத்தில் எனக்குச் சொந்தமாகப் புத்தி கிடையாது. பொன்மலை ரயில்வே ஆபீசில் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள், நானும் விட்டுவிட்டேன். நீங்கள் படித்தவர். நீங்கள் யோசித்துச் சொல்லுங்கள், நான் தலையாட்டுகிறேன். அப்புறம் ஒரு விண்ணப்பம். நான் உங்களைச் சம்பந்தி என்று எழுதியிருக்கிறேன். நீங்கள் என்னை "திரு" போட்டு எழுதுகிறீர்கள். ரயில்வேயில் மெமோ கொடுப்பதற்கு முன்னால்தான் அப்படி எழுதுவார்கள்.

அன்புடன்,
பிலோமின்ராஜ்


ஸ்ரீ:

ஸ்ரீரங்கம்
20.2.2025

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

நமஸ்காரம். முழங்கால் பரவாயில்லை. தங்கள் இருமலுக்குச் சுக்குக் கஷாயம் நல்லது. தங்களுக்கே தெரிந்திருக்கும், இருந்தாலும் எழுதுகிறேன்.

பத்து நாளாக யோசித்ததில் ஒரே ஒரு கேள்விதான் மிஞ்சியது. ஒருவர் இல்லாமல் போனால் யாருக்குச் சாப்பாடு நின்றுபோகும்? நான் போனால் யாருக்கும் நிற்காது. பென்ஷனில் ஒரு பங்கு மரகதத்துக்கு வரும், அவளுக்கு அது போதும். தங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஆகவே கிழவர்களான நமக்குக் காப்பீடு தேவையில்லை. ஆனால் அச்யுத்தோ ஜெஸ்லினோ இல்லாமல் போனால் நாலு வயதுக் குழந்தைக்கு எல்லாமே நின்றுபோகும். இருவர் சம்பளத்தில்தான் அந்த வீட்டுக் கடன் அடைகிறது. கம்பெனி கொடுப்பது வேலை இருக்கும்வரைதான். ஆகவே இருவருமே எடுக்க வேண்டும், ஜெஸ்லின் சொல்வதே சரி. நான் எங்காவது தவறியிருந்தால் தயவுசெய்து திருத்தவும்.

இதை வீட்டில் சொன்னேன். மரகதத்துக்குப் பிடிக்கவில்லை. எங்கள் வழக்கத்தில் ஆசார்யர் முன்னிலையில் பரந்யாசம் என்று ஒன்று உண்டு. 'என் பாரம் இனி உன்னுடையது' என்று பெருமாளிடம் ஒப்படைத்துவிடுவது. "பாரத்தை அவன் தலையில வெச்சாச்சு. இப்போ ஒரு ஏஜெண்ட் தலையிலயும் வெக்கணுமாக்கும்?" என்றாள். எனக்கு எப்போது உடனே பதில் வந்திருக்கிறது? மறுநாள் சித்திரை வீதியில் தேர்முட்டியைத் தாண்டும்போதுதான் தோன்றியது. வீட்டுக்கு வந்து, "பெருமாள் ஏறி வர தேருக்கே முட்டுக்கட்டை போடறாளே, அது அவன்மேல நம்பிக்கை இல்லாமலா?" என்றேன். "ஒரு நாள் கழிச்சுன்னாலும் பதில் சொல்லக் கத்துண்டுட்டேள்" என்று உள்ளே போய்விட்டாள். சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன்.

அடியேன்,
வரதராஜன்


சேசு மரி சூசை

தென்னூர்
2.3.2025

அன்புள்ள சம்பந்திக்கு,

ஸ்தோத்திரம். கஷாயம் குடித்தேன். இருமல் நின்று விக்கல் வந்தது. முட்டுக்கட்டையை எங்கள் பங்குச்சாமியாரிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்கிறார். தேரைச் சப்பரமாக மாற்றிக்கொள்வாராம்.

நம் முடிவைச் சொன்னவுடன் ஜெஸ்லின் போனிலேயே அழுதுவிட்டாள். "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து சரின்னு சொன்னதே போதும்ப்பா" என்றாள். ஆனால் அதோடு முடியவில்லை. பணம் கோதா பெயருக்குப் போக வேண்டும் என்று எழுதுகிறார்கள். அவள் சின்னக் குழந்தை என்பதால், அவள் சார்பில் வாங்கிக்கொள்ள ஒரு பெரியவர் பெயர் வேண்டுமாம். ஒரே ஒரு பெயர். இரண்டு பாலிசியிலும் அதே பெயரைப் போடப்போகிறார்கள். இருவரும் சேர்ந்து போய்விட்டால் குழந்தை வளரப்போவதும் அந்தப் பெயருக்கு உரியவரிடம்தான் என்று முடிவு செய்திருக்கிறார்கள். "அதையும் நீங்க ரெண்டு பேரும்தான் சொல்லணும்" என்கிறாள்.

உங்களுக்கு அச்யுத் ஒரே பிள்ளை. எங்கள் மகன் பிராங்க்ளின் சாமியாராகிவிட்டான், அவனைப் பிள்ளை வளர்க்கச் சொல்ல முடியாது. ஆக நாம் நாலு பேர்தான்.

சகாயம் இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து காதில் வாங்கிக்கொண்டிருந்தாள். "இதுல யோசிக்க என்னங்க இருக்கு? தாயில்லாப் பிள்ளை தாயைப் பெத்தவகிட்டதான் வளரும். உலகம் பூரா அப்படித்தான்" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. புதன்கிழமை தவக்காலம் தொடங்குகிறது. இந்த வருஷம் பேச்சைக் குறைத்துக்கொள்வதாக நேர்ந்துகொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
பிலோமின்ராஜ்


ஸ்ரீ:

ஸ்ரீரங்கம்
16.3.2025

அன்புள்ள சம்பந்திக்கு,

நமஸ்காரம். விக்கலுக்கு நான் பொறுப்பேற்கிறேன். இங்கு வெயில் ஏறிவிட்டது. தங்கள் தெரு மரநிழல் இன்னும் இருக்கிறதா?

தங்கள் கடிதத்தை இரண்டு நாள் பையிலேயே வைத்திருந்தேன். பிறகு மரகதத்திடம் விஷயத்தை மட்டும் சொன்னேன். "பிள்ளை வயித்துப் பேத்தி. நம்மாத்துக் குழந்தை. இதுல கேள்வி எங்கேர்ந்து வந்தது?" என்றாள். அதன்பின் தங்கள் வீட்டைப் பற்றியும் ஏதோ சொன்னாள். அதை எழுதுவது முறையல்ல. முழங்கால் வலியில் அவள் கொஞ்சம் அப்படித்தான் பேசுவாள்.

உரிமையை வைத்துப் பார்த்தால் இரண்டு வீட்டுக்கும் நியாயம் இருக்கிறது. அந்த வழியில் போனால் முடிவு வராது, மனத்தாங்கல்தான் வரும். ஆகவே ஒரு யோசனை. கோதா தன் காலில் நிற்கும்வரை இருக்கக்கூடியவர் நால்வரில் யார்? அதை மட்டும் பார்ப்போம். அதற்கு ஆயுள் அட்டவணைகள் உண்டு. முப்பது வருஷம் நான் நடத்திய பாடம். தங்கள் இருவரின் வயதும் உடல்நிலையும் எழுதினால் எங்களுடையதோடு வைத்துப் பார்க்கிறேன். இது தங்களுக்குக் குரூரமாகப் பட்டால் மன்னிக்கவும். எனக்குத் தெரிந்த ஒரே நியாயம் இதுதான்.

நேற்று கணக்குப் புத்தகத்தைத் தேடி எடுத்தபோது பழைய வாசனை வந்தது. தெப்பக்குளத்துக்கு எதிரே இருந்த எங்கள் கல்லூரிக்கு நான் சைக்கிளில்தான் போவேன். காவிரிப் பாலத்தில் ஏறும்போது எதிர்க்காற்று. ஆடி மாதம் என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். தண்ணீர் பாலத்துத் தூணைச் சுற்றிக்கொண்டு போவதைப் பார்த்தபடி தள்ளுவேன். வகுப்பு நடக்கும்போது பக்கத்தில் லூர்து மாதா கோயில் மணி அடிக்கும். அது ஓயும்வரை நான் பாடத்தை நிறுத்திவிடுவேன். பையன்கள் மரியாதை என்று நினைத்தார்கள். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும், அவ்வளவுதான். ஸ்ரீரங்கத்தில் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. இப்போதும் அடிக்கிறார்களா? அந்தப் பக்கம் போனாலும் எனக்குக் கேட்பதில்லை.

அடியேன்,
வரதராஜன்


சேசு மரி சூசை

தென்னூர்
28.3.2025

அன்புள்ள சம்பந்திக்கு,

ஸ்தோத்திரம். வேப்பமரம் இருக்கிறது. நிழல் மட்டும் இப்போது எதிர்வீட்டுக்குப் போய்விட்டது.

மணி அடிக்கிறார்கள். உங்களுக்காகவே நேற்று தெப்பக்குளம் பக்கம் போய்க் கேட்டுவிட்டு வந்தேன். அதே சத்தம்தான். நானும் ஒன்று சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் நான் சாரணர் படையில் இருந்தேன். வைகுண்ட ஏகாதசிக்கு எங்களை ஸ்ரீரங்கத்துக்குக் கூட்டிவந்து வெள்ளைக் கோபுரத்துப் பக்கம் தண்ணீர்ப் பானையோடு நிறுத்துவார்கள். "குடிங்க சாமி, குடிங்க சாமி" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிடும். ஒரு மாமி எனக்குப் பொங்கல் கொடுத்து, "நீ யாராத்துப் பிள்ளைடா?" என்று கேட்டார். வளனார் பள்ளிக்கூடம் என்றேன். "சரி, சாப்பிடு" என்று இன்னொரு கரண்டி வைத்தார். அந்த நெய் வாசம் இன்னும் கையில் இருக்கிற மாதிரி இருக்கிறது. நீங்கள்கூட என் பானையில் தண்ணீர் குடித்திருப்பீர்கள்.

நீங்கள் கேட்ட விவரம். எனக்கு எழுபத்திரண்டு. இருமல் உண்டு, இதயத்தில் ஒரு ஸ்டெண்ட் உண்டு. உங்கள் அட்டவணையில் எனக்கு இடம் இருக்காது, வருத்தமில்லை. சகாயத்துக்கு அறுபத்திரண்டு. காலையில் கோயிலுக்கு நடந்து போய், வரும் வழியில் மார்க்கெட்டும் போய், பையைத் தானே தூக்கிக்கொண்டு வருகிறாள். இரண்டு பிரசவம் தவிர ஆஸ்பத்திரியில் படுத்ததில்லை.

உங்கள் வீட்டம்மா சொன்னதை நீங்கள் எழுதவில்லை. என் வீட்டம்மா சொன்னதை நானும் எழுதவில்லை. எழுதினால் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. கணக்கு முடிந்ததும் எழுதுங்கள்.

அன்புடன்,
பிலோமின்ராஜ்


சேசு மரி சூசை

தென்னூர்
9.5.2025

அன்புள்ள சம்பந்திக்கு,

ஸ்தோத்திரம். உடம்புக்கு ஒன்றுமில்லையே? ஏப்ரல் முழுக்க உங்கள் கடிதத்தை எதிர்பார்த்தேன். ஈஸ்டரும் போய்விட்டது. நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனோ என்று யோசித்துப் பார்த்தேன். நெய்ப் பொங்கல் தவிர வேறொன்றும் நினைவுக்கு வரவில்லை.

போன வாரம் சத்திரத்தில் கோதாவை உங்களிடம் விட்டபோதும் நீங்கள் வெயிலைப் பற்றிப் பேசினீர்கள். புதுப் பாலத்துக்குத் தூண் எழுந்துவிட்டதைப் பற்றிப் பேசினீர்கள். காபியை ஆற்றி ஆற்றி அது மோராகிவிட்டது. கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த இரைச்சலில் உங்கள் காதில் விழாது என்பதால் நானும் கேட்கவில்லை.

அன்று வீட்டைவிட்டுக் கிளம்பும்போது குழந்தை என்ன கேட்டாள் தெரியுமா? "ரெண்டு தாத்தாவும் பஸ் ஸ்டாண்டுக்கு வராங்க. ரெண்டு பாட்டியும் ஏன் வர மாட்டேங்கறாங்க? அவங்களுக்கு டிக்கெட் கிடையாதா?" என்றாள். சகாயம் அவள் தலையை அவிழ்த்துத் திரும்பப் பின்னி விட்டாள். முதலில் பின்னியிருந்ததே நன்றாகத்தான் இருந்தது.

பிள்ளைகள் காப்பீட்டு விண்ணப்பத்தை நிறுத்திவைத்திருக்கிறார்கள். பெயர் இல்லாமல் மேலே போகாதாம். ஜெஸ்லின் தினமும் கேட்கிறாள். அவர்கள் மாதம் ஒருமுறை அதே ரோட்டில்தான் காரில் வந்து போகிறார்கள். எழுதுங்கள்.

அன்புடன்,
பிலோமின்ராஜ்


ஸ்ரீ:

ஸ்ரீரங்கம்
20.5.2025

அன்புள்ள சம்பந்திக்கு,

நமஸ்காரம். உடம்புக்கு ஒன்றுமில்லை. தங்கள் மீதும் ஒரு குறையும் இல்லை. குறை என்னுடைய தைரியத்தில்தான்.

கணக்கு, தங்கள் கடிதம் வந்த அன்றே முடிந்துவிட்டது. எனக்கு எழுபத்தாறு. மரகதத்துக்கு அறுபத்தொன்பது, சர்க்கரையும் முழங்காலும். எந்த வழியில் போட்டாலும் ஒரே பெயர்தான் வருகிறது. திருமதி சகாயம்மாள்.

வேறு அட்டவணை வைத்துப் பார்த்தேன். நடக்கும் பழக்கத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தேன். அதே பெயர். என் கணக்கில் தவறு இருக்கலாம் என்று எப்போதும் சொல்பவன் நான். ஆனால் இந்த முறை அது தவறாக இருக்க வேண்டும் என்று நானே ஆசைப்படுகிறேன், அதனாலேயே அது சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது.

மரகதத்திடம் இன்னும் சொல்லவில்லை. கோதா இங்கிருந்த பத்து நாளும் அவளுக்கு முழங்கால் வலி வரவே இல்லை. கும்பகோணத்துக்குச் சொல்லியனுப்பி குழந்தை விளையாட ஒரு பித்தளைச் செப்புச் சாமான் வாங்கி வைத்திருந்தாள். இருவரும் சமையல் உள்ளில் உட்கார்ந்து ஒரு கை அரிசியை அதிலிருந்த சின்னப் பானையில் நிஜமாகவே வடித்தார்கள். குழந்தை ஊருக்குப் போன பிறகு அத்தனையையும் புளி போட்டுத் தேய்த்து, துணியில் சுற்றி, பீரோவில் வைத்தாள். "அடுத்த லீவுக்கு அரை கை அரிசி கூடப் போடலாம்" என்றாள். அதன் பிறகு நான் என்னவென்று போய்ச் சொல்வது?

முடிவு சகாயம்மாள் பெயர்தான். தாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடலாம். ஆனால் நான் இங்கே சொல்லும்வரை ஒரு பத்து நாள் பொறுத்துச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அடியேன்,
வரதராஜன்


சேசு மரி சூசை

தென்னூர்
2.6.2025

அன்புள்ள சம்பந்திக்கு,

ஸ்தோத்திரம். நீங்கள் கேட்டபடியே பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. சகாயத்துக்கு உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். ஜெயித்துவிட்டாய் என்றுதான் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். "அந்த அம்மா செப்புல சோறு வடிச்சதை இன்னொரு தடவை படிங்க" என்றாள். படித்தேன். பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தை மாற்றவில்லை.

"என் பேர் வேணாங்க. அவங்க பேரைப் போடச் சொல்லுங்க. பிள்ளை இங்க வளர்ந்தா அந்த அம்மா பார்க்க வரமாட்டாங்க. ஆறு வருஷமா வராதவங்க அன்னைக்கு மட்டும் வந்துடுவாங்களா? ரோஷத்துலயே உட்கார்ந்து உருகிப் போயிடுவாங்க. பிள்ளைக்கு ஒரு பாட்டிதான் மிஞ்சும். அங்க வளர்ந்தா எனக்கென்ன? எனக்கு வெக்கம் மானம் கிடையாது. தினமும் பஸ் ஏறிப் போய் வாசல்ல நிப்பேன். உள்ள கூப்பிட்டா உள்ள, கூப்பிடாட்டி வெளிய. பிள்ளைக்கு ரெண்டு பாட்டியும் இருப்போம்."

அப்படியென்றால் இத்தனை நாள் ஏன் போகவில்லை என்று கேட்டேன். நியாயமான கேள்விதானே? முறைத்தாள். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தட்டெடுத்து வந்து பொண்ணைக் கேக்கறதுதான முறை? கேக்காத வீட்டுல நானா போய் எப்படி நுழையறது? அது எனக்காகப் போறது. இது பிள்ளைக்காகப் போறது. ரெண்டும் ஒண்ணா?"

சம்பந்தி, நான் ரயில்வேயில் எத்தனையோ தாவா, வழக்கு பார்த்திருக்கிறேன்; இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. உங்கள் அட்டவணையில் இதற்கு ஏதாவது இடம் இருக்கிறதா?

அன்புடன்,
பிலோமின்ராஜ்


ஸ்ரீ:

ஸ்ரீரங்கம்
24.6.2025

அன்புள்ள சம்பந்திக்கு,

நமஸ்காரம். அனைவரும் நலம். தங்கள் கேள்விக்குப் பதில், இல்லை. அட்டவணையில் அதற்கு இடமில்லை. யார் இருப்பார்கள் என்றுதான் நான் பார்த்தேன். யார் வருவார்கள் என்று பார்க்கவில்லை.

தங்கள் கடிதத்தை மரகதத்திடம் சொல்லிவிடத் தீர்மானித்தேன். சொல்ல வாய் வரவில்லை. ஆகவே படித்தேன். காது மந்தமானவன் படித்தால் எப்படியிருக்கும் என்று தங்களுக்குத் தெரியும். 'எனக்கு வெக்கம் மானம் கிடையாது' என்று நான் முழங்கியதும் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. மரகதம் போய் நம் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, "மேலே படியுங்கோ" என்றாள்.

முழுக்கக் கேட்டாள். பிறகு, "தட்டெடுத்துண்டு நாம போகணும்னா காத்துண்டிருந்தா?" என்றாள். ஆமாம், அப்படித்தான் எழுதியிருக்கிறார் என்றேன். "பொண்ணாத்துக்காரா வெத்தலை பாக்கோட வந்து, எங்காத்துக்கு வாங்கோன்னு கூப்பிடறதுன்னா முறை? அவா வந்து கூப்பிடுவான்னு நான் அந்த முதல் ஆடிக்கு மஞ்சக் கிழங்குகூட வாங்கி வெச்சேனே" என்றாள். நான் எழுதாமல் விட்டது இதைத்தான், சம்பந்தி. மார்ச் மாதத்தில் அவள் சொன்னதும் இதுவே. 'கூப்பிடத் தெரியாதவா' என்றாள். தாங்கள் ஊகித்தது சரி.

மூன்றாம் நாள் கோயிலிலிருந்து திரும்பும்போது, "நான் ரோஷத்துல உருகிப் போயிடுவேனாமா?" என்றாள். நாலு எட்டு வைத்ததும், "என்னைப் பார்க்காமலே எப்படிக் கண்டுபிடிச்சா?" என்றாள். பிறகு, தென்னூருக்கு எந்த பஸ் என்று கேட்டாள்.

அவள் பிறந்த ஊர் திருவெள்ளறை. கல்யாணமாகி முதல் தடவை அவளோடு அந்தக் கோயிலுக்குப் போனபோது, பாதியோடு நிற்கும் அந்த மொட்டைக் கோபுரத்தடியில் எனக்கு ஒன்று காட்டினாள். புறப்பாட்டில் அங்கே தாயார்தான் முன்னால் போவாள், பெருமாள் பின்னால் வருவார். வயல் பக்கமிருந்து நெல் வாசம் வந்துகொண்டிருந்தது. "எங்க ஊர் வழக்கம் இது, தெரிஞ்சுக்கோங்கோ" என்றாள். இருபது வயது அப்போது. நான் பயந்துபோய்த் தலையாட்டினேன். அதன்பின் ஐம்பது வருஷமாக ஸ்ரீரங்கத்து முறைகளிலேயே அவள் இருந்துவிட்டாள். நேற்று, "நான் முன்னாடி போறேன். நீங்க பின்னாடி வாங்கோ. எங்க ஊர் வழக்கம்" என்றாள்.

ஜூலை மூன்றாம் தேதி, வியாழக்கிழமை, காலையில் வருகிறோம். தட்டும் கொண்டுவருகிறாள். ஆறு வருஷம் தாமதமாகத் தங்கள் பெண்ணைக் கேட்க.

அடியேன்,
வரதராஜன்


ஸ்ரீ:

ஸ்ரீரங்கம்
7.7.2025

அன்புள்ள சம்பந்திக்கு,

நமஸ்காரம். பத்திரமாக வந்து சேர்ந்தோம். தாங்கள் பஸ் ஏற்றிவிட்டதோடு நிற்காமல் கண்டக்டரிடம் என்னைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறீர்கள். ஸ்ரீரங்கம் வந்ததும் அவர் என் தோளைத் தொட்டு எழுப்பினார்.

தங்கள் வீட்டில் நடந்ததைத் தாங்களே பார்த்தீர்கள். தாங்கள் பார்க்காததை மட்டும் எழுதுகிறேன். போகும்போது பாலத்தின் மேல் அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. காவிரியில் தண்ணீர் வந்திருந்தது, அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். தட்டையும் அக்காரவடிசல் சம்புடத்தையும் மடியிலிருந்து இறக்கவில்லை. தங்கள் தெருமுனையில், "என்ன பேசறதுன்னு தெரியலையே" என்றாள். அந்த வேப்பமரத்தடியில் கொஞ்சம் நின்றோம். பிறகு அவள்தான் முன்னால் நடந்தாள்.

சகாயம்மாள் வெகு யோசனையோடு இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். ஆசாரம் பார்ப்பவர்களுக்கு அதில் சங்கடமில்லை என்று தெரிந்து கொடுத்தார்கள். அதைக் குடித்துவிட்டு, "ஏன், காபி போட மாட்டேளா?" என்று மரகதம் கேட்டாளே, அது எனக்குக் கேட்டது. கேட்டதா என்று எனக்கே சந்தேகம் வந்து தங்கள் முகத்தைப் பார்த்தேன். பிறகு இருவரும் உள்ளே போனார்கள். உள்ளே அவர்கள் சிரித்தது எனக்கு விழவில்லை. தாங்கள் தலையைத் திருப்பிச் சிரித்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். என்ன சொல்லிச் சிரித்தார்கள் என்று இன்று வரை கேட்கிறேன். "உங்களைப் பத்தித்தான்" என்பதோடு நிறுத்திவிடுகிறாள்.

இப்போது விஷயம். திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன், யார் பெயரை எழுதுவது என்று. "அவா பேரைத்தான்" என்றாள். சகாயம்மாள் உன் பெயரைத்தானே சொன்னார் என்றேன். "நான் வரமாட்டேன்னுதானே சொன்னா? வந்து காட்டியாச்சே. இனிமே அந்தப் பேச்சு நிக்காது. குழந்தை தலையை அவ்வளவு அழகாப் பின்னறா. என் கைக்கு வராது" என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "அந்தப் பணத்தை யாரும் வாங்க வேண்டாம். நாம எல்லாரும் போனப்புறம் அதுகள் ரெண்டும் கிழமாகி நம்மைத் திட்டிண்டே ப்ரீமியம் கட்டட்டும்" என்றாள். ஆகவே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். இரண்டு பாலிசியிலும் சகாயம்மாள்.

இன்னொன்று. பஸ் பாலத்தில் ஏறிய பிறகுதான் கவனித்தேன், அக்காரவடிசல் கொண்டுவந்த சம்புடம் எங்களிடம் இல்லை. தங்கள் வீட்டு மேஜையிலேயே விட்டுவிட்டோம். அவள் தாயார் கொடுத்த பாத்திரம் அது, யாருக்கும் இரவல்கூடக் கொடுக்க மாட்டாள். சத்திரத்தில் இறங்கியிருக்கலாமே என்று பதறினேன். "உட்காருங்கோ" என்றாள். நேற்று, எங்கள் தெருவில் ஆட்டோ வைத்திருக்கும் நஸ்ருல்லா தென்னூர்ப் பக்கம் போவதாகச் சொன்னார். அவரிடம் கொடுத்தனுப்பும்படி தங்களுக்கு ஒரு கார்டு எழுத உட்கார்ந்தேன். பேனாவை வாங்கி வைத்துவிட்டாள்.

"உங்களுக்கு எல்லாம் எழுதித்தான் ஆகணுமா? மறந்தா வெச்சேன் அதை?" என்றாள்.

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. இன்று காலையில், கோதாவின் செப்புச் சாமானைத் துணியிலிருந்து பிரித்துச் சமையல் உள்ளில் அடுக்கிக்கொண்டே அவளாகச் சொன்னாள். "யாராத்துப் பாத்திரத்தையும் யாரும் வெறுமனே திருப்பித் தரமாட்டா. அவ கையால எதையாவது பண்ணிப் போட்டுண்டு, அவளே எடுத்துண்டு வருவா. என்ன பண்ணுவான்னு பார்க்கணும்."

ஆகவே சம்பந்தி, அந்தச் சம்புடத்தை நஸ்ருல்லாவிடமோ வேறு யாரிடமோ தயவுசெய்து கொடுத்தனுப்ப வேண்டாம்.

அடியேன்,
வரதராஜன்